காவலன் மார்பிற் கமெரா

பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் சாட்சிக் கூண்டிலே ஏறி, இன்ன இடத்தில், இன்ன நேரத்தில், இவன் இப்படிச் செய்தான் என்கிறார். எதிரே நிற்பவன், நான் அப்படிச் செய்யவில்லை, அவரே என்னை அடித்தார் என்கிறான். சம்பவம் நடந்த இடத்தில் வேறெவரும் இருக்கவில்லை. நீதிபதி எவர் சொல்லை நம்புவது? பொலிஸ் என்ற அமைப்புத் தோன்றிய நாள்முதல் நீதிமன்றங்களை வாட்டி வந்த கேள்வி இது. பெரும்பாலும் உத்தியோகத்தரின் சொல்லே வென்று வந்திருக்கிறது. அவர் அரசாங்கத்தின் உடை தரித்தவர். கையிலே குறிப்புப் புத்தகம் வைத்திருப்பவர். கூண்டில் ஏறிப் பேசிப் பழகியவர். மற்றவனோ பல வேளைகளில் ஏழை, பயந்தவன், கேட்ட கேள்விக்கு நேராக விடை சொல்லத் தெரியாதவன்.

இக்கேள்விக்கு விடையாக நமது காலத்திலே ஒரு சிறு கருவி முன்வைக்கப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கமெரா. பொலிஸாரின் மார்பிலே பூட்டப்படுவது. காண்பதைப் படமாகவும் கேட்பதை ஒலியாகவும் பதிந்து வைப்பது. இதனைப் பொலிஸார் அணிந்தே தீரவேண்டும் என்று அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பல மாநிலங்கள் சட்டம் இயற்றியுள்ளன. அச்சட்டங்கள் எவ்வாறு பிறந்தன, அவற்றால் விளைந்தது யாது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

காவலனையும் காவல் செய்ய வேண்டும் என்ற எண்ணம் புதியதன்று. 1829ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 29ஆம் திகதி, சேர் றொபர்ட் பீல் அமைத்த புதிய பொலிஸ் படை இலண்டன் வீதிகளிலே முதன்முதலாக நடந்தபோது, அப்படையினர் ஒவ்வொருவரின் கழுத்துப் பட்டியிலும் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. பெயர் தெரியாத போதிலும் எண்ணைச் சொல்லி ஒருவன் முறையிடலாம். இன்றைய கமெராவுக்கு மூதாதை என்று எதையேனும் சொல்லவேண்டுமானால், அந்தக் கழுத்துப் பட்டி எண்ணையே நான் சொல்வேன்.

நமது பக்கத்திலே இதே கவலை வேறொரு வழியிற் சென்றது. சென்னை இராசதானியிலே வரி தண்டுவோரும் பொலிஸ் வேலை பார்ப்போரும் குடிகளைச் சித்திரவதை செய்கின்றனர் என்ற குற்றச்சாட்டு 1854இல் பிரித்தானியப் பாராளுமன்றத்திலே எழுந்தது. விசாரணைக்கென அமைக்கப்பட்ட மூவர் குழுவினர் 1855இல் தமது அறிக்கையை வெளியிட்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் அவர்கள் முன் வந்தன. விரல்களை நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாள் என்னும் தமிழ்ப் பெயர்கள் அந்த ஆங்கில அறிக்கையிலே இடம்பெற்றன. நமது மொழி உலகுக்கு வழங்கிய சொற்களின் வரிசையில் இவையும் சேர்ந்துவிட்டன என்பது வருந்தத்தக்கது. அக்குழுவின் அறிக்கைக்குப் பின்பு 1861இல் இயற்றப்பட்ட இந்தியக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், பொலிஸாரிடம் சொன்னதாகக் கூறப்படும் குற்ற ஒப்புதலை நீதிமன்றத்திலே சான்றாகக் காட்டலாகாது என விதித்தது. அவ்விதி 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்திற் புகுந்து, அங்கிருந்து 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க இலங்கைச் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் 25ஆம் பிரிவாக இடம்பெற்றது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்கு விலக்கு வகுத்தது என்பதையும் சொல்லவே வேண்டும். சட்டத்தை ஆக்கியோர் அன்று கண்ட வழி இதுதான்: உண்மை எதுவென்று அறியும் கருவி நம்மிடம் இல்லை, ஆகவே ஐயத்துக்கிடமான சொல்லைக் கேளாமலே விட்டுவிடுவோம்.

கருவி பின்னர் வந்தது. இங்கிலாந்திலே, கைதியைப் பொலிஸார் விசாரிக்கும் பேச்சை நாடாவிலே பதிவுசெய்யும் முறைக்கு 1984ஆம் ஆண்டின் சட்டமொன்று வழி வகுத்தது. அதற்கு முன்பு பொலிஸார் பலர் அதனை எதிர்த்தனர். ஒலிப்பதிவு இருந்தால் எவனும் வாய் திறக்கமாட்டான் என்றனர். பதிவு வந்தபின், கைதி சொல்லாததைச் சொன்னதாக எழுதினார்கள் என்ற வழக்காட்டம் குறைந்தது. எதிர்த்தவர்களே நாளடைவில் அதனை விரும்பத் தலைப்பட்டனர். மார்புக் கமெராவின் கதையிலும் இதே திருப்பத்தைக் காண்போம்.

அக்கதையின் முதல் ஏடு 1991ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே, நள்ளிரவு கழிந்த சிறிது நேரத்தில் எழுதப்பட்டது. விரைந்து ஓடிய காரொன்றைப் பொலிஸார் துரத்திப் பிடித்தனர். அதனை ஓட்டிவந்த ரொட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரைத் தரையிலே வீழ்த்தித் தடிகளாற் புடைத்தனர். எதிர் வீட்டு மாடத்திலே நின்ற ஒருவர், அண்மையில் வாங்கிய கைக் கமெராவினால் அதனைப் படம் பிடித்தார். பிடித்ததைத் தொலைக்காட்சி நிலையமொன்றிடம் கொடுத்தார். ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் ஓடும் அத்துண்டுப் படத்தை உலகெங்கும் மக்கள் கண்டனர். அடிகளை எண்ணியவர்கள் ஐம்பதுக்கு மேல் எண்ணினர்.

இனிச் சாட்சிக்கு என்ன குறை என்றே எவரும் எண்ணியிருப்பர். நான்கு பொலிஸார்மீது வழக்குத் தொடரப்பட்டது. வழக்கு நகருக்கு வெளியே சீமி வலி என்னும் ஊருக்கு மாற்றப்பட்டது. அங்கே எதிரிகளின் நியாயவாதிகள் அப்படத்தைக் கண்டு அஞ்சவில்லை. மாறாக, அதனை ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி நிறுத்தி ஜூரிமாருக்குக் காட்டினர். இதோ, இவ்விடத்தில் இவர் கால் அசைகிறது. இதோ, இவர் எழும்ப முயல்கிறார். ஆகவே அடுத்த அடி அவசியமாயிற்று என்று விளக்கம் சொல்லினர். ஓடும்போது கொடுமையாகத் தெரிந்த படம், நிறுத்தி நிறுத்திக் காட்டப்பட்டபோது பொலிஸ் பயிற்சிப் பாடம் போலாகிவிட்டது. 1992ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆம் திகதி ஜூரிமார் நால்வரையும் குற்றவாளிகளாகக் காணவில்லை. ஒருவர்மீதிருந்த ஒரேயொரு குற்றச்சாட்டிலே மட்டும் அவர்களால் ஒரு முடிவுக்கு வர இயலவில்லை. அன்று மாலையே நகரம் தீப்பற்றியது. சில நாள் நீடித்த கலகத்திலே ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மறு ஆண்டு மத்திய அரசாங்க நீதிமன்றத்திலே வேறொரு வழக்கு நடந்து, நால்வரில் இருவருக்கு முப்பது மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதே படந்தான், வேறு ஜூரிமார், வேறு தீர்ப்பு. இதனை நேயர்கள் மனத்தில் வைத்திருக்கவேண்டும். படம் தானாகப் பேசுவதில்லை. அதனை எவரேனும் பேசவைக்கவேண்டும்.

அன்று படம் பிடித்தவர் வழியோடு நின்ற ஒரு குடிமகன். பொலிஸார் தாமே கமெரா அணியும் முறை அமெரிக்காவில் தோன்றவில்லை. இங்கிலாந்தின் பிளிமத் நகரிலே 2005ஆம் ஆண்டளவிற் சிறிய அளவிலே தொடங்கியது. தலையிலே கட்டிய கமெராக்கள் அவை. இரவிலே மதுச்சாலைகளின் முன் நடக்கும் அடிதடி, வீட்டுக்குள்ளே மனைவியைக் கணவன் துன்புறுத்தல் முதலியவற்றுக்குச் சான்று சேர்ப்பதே நோக்கம். அதாவது, மக்கள் செய்யும் குற்றத்தைக் காட்டுவதற்கென்றே கருவி பிறந்தது. பொலிஸாரைக் கட்டுப்படுத்தும் எண்ணம் பின்னர் வந்து ஏறிக்கொண்டது. இவ்விரு நோக்கங்களும் இன்றுவரை ஒரே கருவிக்குள் ஒன்றோடொன்று பொருதிக்கொண்டே இருக்கின்றன.

கருவிக்குப் பெரும் புகழைத் தேடிக் கொடுத்தது கலிபோர்னியாவிலுள்ள றியால்ற்றோ என்னும் சிறு நகரம். அதன் மக்கட்டொகை ஓரிலட்சம் அளவு. அந்நகரின் பொலிஸ் தலைமை அதிகாரி ரொனி பறார் என்பவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலே குற்றவியல் கற்றவர். மருந்தின் பலனை வைத்தியர்கள் சோதிப்பதுபோல இக்கருவியின் பலனையும் சோதிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். 2012ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தொடங்கி ஓராண்டு காலம், கடமை முறைகளைச் சீட்டுக் குலுக்குவதுபோற் பிரித்தார். 489 முறைகளிலே கடமைக்குச் சென்றோர் கமெரா அணிந்தனர். 499 முறைகளிலே அணியவில்லை. பங்குகொண்டோர் 54 உத்தியோகத்தர்கள். ஆண்டு முடிவிற் கணக்குப் பார்த்தபோது, முந்திய ஆண்டோடு ஒப்பிடுகையில் பொலிஸாருக்கு எதிரான முறைப்பாடுகள் நூற்றுக்கு 88 வீதமும், பலாத்காரப் பிரயோகம் ஏறத்தாழ 60 வீதமும் குறைந்திருந்தன. கமெரா அணிந்த முறைகளிலே பலாத்காரம் நிகழ்ந்தது மற்ற முறைகளிலும் ஏறத்தாழப் பாதியே.

ஐம்பத்து நான்கு பேரைக்கொண்டு செய்த சோதனை இது. ஆயினும் அந்த 88 என்ற எண் பத்திரிகைகளிலும் நீதிமன்றங்களிலும் சட்டசபைகளிலும் ஓயாது ஒலித்தது. மக்கள் ஒரு விடைக்காக ஏங்கிக் கொண்டிருந்த நேரத்திலே விடைபோன்ற ஒன்று கிடைத்தால், அதன் அளவை எவரும் பார்ப்பதில்லை.

2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி, நியூயோர்க் நகரப் பொலிஸார் வீதியிற் செல்வோரைத் தடுத்துச் சோதனை செய்யும் முறை அரசியலமைப்புக்கு விரோதமாக நடத்தப்படுகிறது என்று நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் அம்மையார் தீர்ப்பளித்தார். நகரின் ஐந்து பிரிவுகளிலும் ஒவ்வொரு பொலிஸ் பிரதேசத்தில் ஓராண்டுக்குக் கமெரா அணிவித்துப் பார்க்கும்படியும் கட்டளையிட்டார். நகர மேயர் புளூம்பேர்க் அதனை வெளிப்படையாகவே வெறுத்தார். அதே ஆண்டு ஒக்டோபரில், வீதிக் கமெராக்களை என்றும் ஐயத்தோடு பார்க்கும் அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம், தக்க விதிகள் இருக்குமாயின் மார்புக் கமெரா எல்லோருக்கும் நன்மை தரும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. தக்க விதிகள் இருக்குமாயின் என்ற அந்த நிபந்தனையைப் பலர் பின்னாளில் மறந்துவிட்டனர்.

பின்பு பேர்கசன் வந்தது. 2014ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் திகதி, மிசூரி மாநிலத்தின் அச்சிற்றூரிலே, மைக்கேல் பிறவுண் என்னும் பதினெட்டு வயது இளைஞரைப் பொலிஸ்காரர் ஒருவர் நடுத்தெருவிற் சுட்டுக் கொன்றார். இளைஞர் கைகளை உயர்த்தி நின்றார் என்றனர் சிலர்; பொலிஸ்காரரை நோக்கிப் பாய்ந்தார் என்றனர் வேறு சிலர். பட்டப்பகல், கண்டவர்கள் பலர், படமோ இல்லை. நவம்பர் 24ஆம் திகதி பெரு ஜூரிமார் பொலிஸ்காரர்மீது வழக்குத் தொடர மறுத்தனர். அந்த இரவிலே ஊர் கொந்தளித்தபோது, இறந்த இளைஞரின் பெற்றோர் ஓர் அறிக்கை விடுத்தனர். வீதியிற் கடமைபுரியும் ஒவ்வொரு பொலிஸ் உத்தியோகத்தரும் கமெரா அணியும்படி செய்யத் தம்மோடு சேர்ந்து உழைக்குமாறு அவர்கள் நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டனர். மகனை இழந்தோர் முன்வைத்த கோரிக்கை அது. ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 1ஆம் திகதி, ஜனாதிபதி ஒபாமா 50,000 கமெராக்கள் வாங்குவதற்கு உதவியாக மூன்றாண்டுக் காலத்தில் ஏழரைக் கோடி டொலர் ஒதுக்கும் திட்டத்தை அறிவித்தார்.

அணிந்தே தீரவேண்டும் என்று முதன்முதற் சட்டமியற்றிய மாநிலம் தெற்குக் கரோலினா. 2015ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் திகதி, அம்மாநிலத்தின் வட சார்ள்ஸ்ரன் நகரிலே, வால்ற்றர் ஸ்கொட் என்பவர் பொலிஸ்காரரிடமிருந்து ஓடிக்கொண்டிருந்தார். அவர் முதுகிற் குண்டுகள் பாய்ந்தன. தமது மின் ஆயுதத்தை அவர் பறித்ததால் உயிருக்கு அஞ்சிச் சுட்டதாகப் பொலிஸ்காரர் சொன்னார். வேலைக்குச் சென்றுகொண்டிருந்த வழிப்போக்கர் ஒருவர் கைத்தொலைபேசியிற் பிடித்த படம் சில நாட்களில் வெளிவந்து அக்கூற்றைப் பொய்யாக்கியது. சட்டசபை விரைந்து செயலாற்றியது. யூன் 10ஆம் திகதி ஆளுநர் நிக்கி ஹேலி அம்மையார் சட்டத்திலே கையொப்பமிட்டார்.

இச்சட்டத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். முதற் பிரிவுகள் கமெராவைக் கட்டாயமாக்குகின்றன. ஆயின், அரசாங்கம் முழுப் பணத்தையும் தரும்வரை எந்தப் பொலிஸ் படையும் கட்டாயத்துக்கு உட்பட்டதன்று என்றும் அதே சட்டம் சொல்கிறது. மேலும், பிடித்த படங்கள் பொதுமக்கள் கேட்டுப் பெறக்கூடிய ஆவணங்கள் அல்ல என்றும் அது விதிக்கிறது. வால்ற்றர் ஸ்கொட்டின் சாவை வெளிப்படுத்தியது, எவரிடமும் அனுமதி கேளாமல் வெளியிடப்பட்ட ஒரு படம். அவர் பேரால் எழுந்த சட்டமோ படத்தைப் பொலிஸாரின் பெட்டகத்திலே வைத்துப் பூட்டியது. அயல் மாநிலமான வட கரோலினா 2016இல் இன்னும் ஒரு படி சென்று, நீதிமன்றக் கட்டளை இன்றிப் படத்தை வெளியிடலாகாது என்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பொலிஸார் மனிதர்களை அவர்களின் மிக இழிந்த, மிகத் துன்பமான வேளைகளிற் காண்பவர்கள். அடிபட்ட மனைவி, கெடுக்கப்பட்ட பெண், படுக்கையறை, அழும் குழந்தை எல்லாம் அந்தக் கமெராவுக்குள் வந்து விழுகின்றன. அவற்றைக் கேட்பவர் அனைவருக்கும் கொடுப்பதெப்படி? இந்த நியாயம் மெய்யானது. ஆனால் அதனை முன்னிறுத்தி மறைக்கப்படுவன பெரும்பாலும் அப்படங்களா என்பதுதான் கேள்வி.

சிக்காகோ நகரிலே நடந்ததைப் பார்ப்போம். அங்கே படம் பிடித்தது மார்புக் கமெரா அன்று. பொலிஸ் காரின் முகப்பிலே பொருத்திய கமெரா. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு, லக்குவான் மக்டொனால்ட் என்னும் பதினேழு வயதுச் சிறுவன் சுடப்பட்டு இறந்தான். சிறு கத்தியோடு பொலிஸார்மீது பாய்ந்தான் என்று உத்தியோகத்தர்கள் அறிக்கை எழுதினர். படம் நகரத்தாரின் கையில் இருந்தது. குடும்பத்தாருக்கு 2015 ஏப்பிரலில் ஐம்பது இலட்சம் டொலர் கொடுக்க நகர சபை இணங்கியது. வழக்கு நீதிமன்றத்துக்கு வருமுன்னரே இவ்வளவு பெருந்தொகை ஏன் கொடுக்கப்பட்டது என்று கேட்டவர்கள் இருந்தனர். பத்திரிகையாளர் ஒருவர் வழக்காடி வென்றபின், 13 மாதங்கள் கழிந்து, நவம்பர் 24ஆம் திகதி படம் வெளிவந்தது. சிறுவன் பொலிஸாரைவிட்டு விலகி நடக்கிறான், சுடப்படுகிறான், வீழ்ந்த பின்பும் குண்டுகள் பாய்கின்றன. மொத்தம் பதினாறு. படம் வெளிவந்த அதே நாளிலேதான் சுட்டவர்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. 2018ஆம் ஆண்டு ஒக்டோபரில் அவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். அந்தப் பதின்மூன்று மாதங்களும் பிழையான அறிக்கைகள் அரசாங்க ஏட்டிலே உண்மையென நின்றன. கமெரா தன் வேலையை முதல் நாளே செய்து முடித்திருந்தது.

இனி வேடிக்கையும் வெட்கமும் கலந்த ஒரு சம்பவம். இக்கமெராக்கள் பலவற்றில் ஓர் ஏற்பாடு உண்டு. பொலிஸ்காரர் பொத்தானை அழுத்தும்போது பதிவு தொடங்குவதாக நாம் நினைப்போம். உண்மையில் கருவி எப்போதும் பார்த்துக்கொண்டே இருந்து, பழையதை அழித்து அழித்துக் கடைசி அரை நிமிடத்தை மட்டும் ஞாபகத்தில் வைத்திருக்கும். பொத்தான் அழுத்தப்பட்டதும், அந்த முந்திய அரை நிமிடமும் ஒலியின்றிப் பதிவின் முன்னே ஒட்டிக்கொள்ளும். 2017ஆம் ஆண்டு ஜனவரியில் பால்ற்றிமோர் நகரப் பொலிஸ்காரர் ஒருவர், ஒழுங்கையிலே குப்பைக்கிடையில் போதைப்பொருட் பொட்டலத்தை ஒரு தகரத்துக்குள் வைத்தார், தெருவுக்கு நடந்து வந்தார், பொத்தானை அழுத்தினார், பின்பு மீண்டும் ஒழுங்கைக்குள் சென்று தேடுவதுபோற் தேடிப் பொட்டலத்தைக் 'கண்டுபிடித்தார்'. அவர் வைத்த காட்சியும் படத்தில் இருந்தது. சிறையிலிருந்த ஒருவருக்காகத் தோன்றிய அரசாங்கச் சட்டத்தரணி அந்த ஊமைக் காட்சியைக் கவனித்தார். பொலிஸ்காரர், முன்னரே கண்டெடுத்ததைக் கமெராவுக்காக மீண்டும் நடித்துக் காட்டியதாகச் சொன்னார். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 2018இல் அவரைக் குற்றவாளியாகக் கண்டது. அவரையும் அவரது துணைவர்களையும் சாட்சிகளாக நம்பித் தொடரப்பட்டிருந்த பல வழக்குகள் கைவிடப்பட்டன. அந்த அரை நிமிடம் இல்லாதிருந்தால், அப்படமே குற்றமற்ற ஒருவருக்கு எதிரான மறுக்கவொண்ணாச் சான்றாகியிருக்கும்.

அதே 2017ஆம் ஆண்டு ஒக்டோபரில், தலைநகர் வாஷிங்டனிலே நடத்திய பெரிய சோதனையின் முடிவு வெளியாயிற்று. றியால்ற்றோவில் 54 பேர். இங்கே 2,224 பேர். இங்கும் சீட்டுப் போட்டதுபோலவே கமெரா அணிவோரும் அணியாதோரும் பிரிக்கப்பட்டனர். பலாத்காரப் பிரயோகத்திலும் முறைப்பாடுகளிலும் இரு சாராருக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. ஆர்வத்தோடு காத்திருந்தோர் திகைத்தனர். வாஷிங்டன் பொலிஸார் முன்னரே சீர்திருத்தப்பட்டவர்கள், ஆகவே திருத்துவதற்கு அதிகம் இருக்கவில்லை என்றனர் சிலர். கமெராவுக்குப் பழகிவிட்டால் அச்சமும் போய்விடும் என்றனர் வேறு சிலர்.

என் கருத்தில், இவ்விரு சோதனைகளையும் விடக் கூர்ந்து நோக்கத் தக்கது கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கணக்கு. பல நகரங்களிலே நடந்த சோதனைகளை அவர்கள் ஒருங்கே ஆராய்ந்தனர். சந்திப்புத் தொடங்கும்போதே கமெராவை இயக்கி, இயக்குவதை எதிரிலுள்ளவருக்கும் அறிவிக்கவேண்டும் என்ற விதியை ஒழுங்காகப் பின்பற்றிய இடங்களிலே பலாத்காரம் நூற்றுக்கு 37 வீதம் குறைந்தது. எப்போது இயக்குவது என்பதைப் பொலிஸ்காரர் தம் விருப்பப்படி தீர்மானித்த இடங்களிலே அது 71 வீதம் கூடியது. இதற்குக் காரணம் காண்பது கடினமன்று. கைகலப்புத் தொடங்கிய பின் திடீரெனக் கமெராவை இயக்குவது சூட்டைத் தணிக்காது, மூட்டும். கமெராவைக் கட்டாயமாக்குவதென்றால், அதை மார்பிலே பூட்டுவது மட்டும் போதாது. அதன் பொத்தானைப் பொலிஸ்காரரின் இச்சையிலிருந்து விடுவிக்கவும் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மார்பிலுள்ள கமெரா அணிந்தவரைப் பார்ப்பதில்லை. எதிரே நிற்பவரையே பார்க்கிறது. பொலிஸ்காரரின் கை சில வேளை படத்தின் ஓரத்திலே தோன்றி மறையும். அவர் முகம் தெரியாது. மல்லுக்கட்டும்போது துணியும் இருளுமே தெரியும். காண்பவர் தம்மை அறியாமலே பொலிஸ்காரரின் இடத்தில் நின்று, அவர் அச்சத்தைத் தம் அச்சமாகக் கொள்கின்றனர். தொடக்கத்திலே முரண்டு பிடித்த பொலிஸ் சங்கங்கள் பின்னர் கமெராவை விரும்பத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

2020ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி, மினியாப்பொலிஸ் நகரிலே ஜோர்ஜ் புளொயிட் என்பவரைக் கைதுசெய்த பொலிஸார் கமெரா அணிந்தே இருந்தனர். அவர் கழுத்தின்மேல் ஒன்பது நிமிடத்துக்கு மேலாக முழங்காலை ஊன்றியிருந்தவரின் கமெரா, மல்லுக்கட்டிலே கழன்று காரின் அடியில் விழுந்துவிட்டது. அன்று பொலிஸ் திணைக்களம் வெளியிட்ட முதற் செய்திக் குறிப்பு, பொலிஸாரோடு தொடர்புபட்ட வேளையில் ஒருவர் உடல்நலக் குறைவால் இறந்ததாகச் சொல்லியது. உண்மையை உலகுக்குக் காட்டியது பாதையோரத்திலே நின்ற பதினேழு வயதுச் சிறுமியின் கைத்தொலைபேசி. பொலிஸாரின் கமெராப் படங்கள் பொதுமக்களின் பார்வைக்கு வர இரண்டு மாதங்களுக்கு மேல் ஆயின. ஆயினும் மறு ஆண்டு வழக்கிலே அவை பயன்படாமற் போகவில்லை. மூச்சு விட முடியவில்லை என்று அவர் மன்றாடிய குரலையும், உடனிருந்த இளைய பொலிஸ்காரர் அவரைப் புரட்டிப் படுக்கவைக்கலாமா என்று கேட்டதையும், மூத்தவர் மறுத்ததையும் அருகிலிருந்து கேட்டவை அக்கமெராக்களே. 2021ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் திகதி அம்மூத்தவர் கொலைக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார்.

அக்கொதிப்பு அடங்குமுன், 2020 யூன் 1ஆம் திகதி லூயிவில் நகரிலே பொலிஸாரும் இராணுவக் காவற்படையினரும் சுட்டதில் உணவுக்கடைக்காரர் ஒருவர் மாண்டார். அங்கே சுட்ட பொலிஸார் தமது கமெராக்களை இயக்கியிருக்கவில்லை. நகர மேயர் அன்றே பொலிஸ் தலைமை அதிகாரியைப் பதவி நீக்கினார்.

இவ்வனுபவங்களின் சாரம் முழுவதும் இறங்கிய சட்டம் என்று கொலராடோ மாநிலத்தின் சட்டத்தைச் சொல்லலாம். 2020ஆம் ஆண்டு யூன் 19ஆம் திகதி அது நிறைவேறியது. 2023 யூலை 1ஆம் திகதிக்குள் மாநிலத்தின் உள்ளூர்ப் பொலிஸார் அனைவரும் கமெரா அணியவேண்டும் என்றது. பணம் வந்தால் என்ற நிபந்தனையை அது வைக்கவில்லை. தவறான நடத்தை பற்றி முறைப்பாடு எழுந்தால், கேட்டவருக்கு 21 நாட்களுக்குள் படத்தைக் கொடுக்கவேண்டும். விசாரணைக்கு இடையூறாகும் என்று காட்டினாலன்றி அதற்குமேல் தாமதிக்கலாகாது. பதின்மூன்று மாதம் எங்கே, இருபத்தொரு நாள் எங்கே! இயக்கவேண்டிய வேளையில் கமெராவை இயக்காதுவிட்டால், அவர் தவறிழைத்தார் என்று ஊகிக்கவும் அச்சட்டம் இடம் தருகிறது. இந்தியாவில் 1861இல் வந்த விதிக்கும் இதற்கும் உறவு உண்டு. அன்று சட்டம் பொலிஸாரின் சொல்லைக் கேளாமல் விட்டது. இன்று அவர்களின் மௌனத்தையே சாட்சியாக எடுத்துக்கொள்கிறது.

மத்திய அரசாங்கத்தின் பொலிஸார் இவ்விஷயத்திலே நெடுங்காலம் பின்தங்கியே நின்றனர். தம்மோடு சேர்ந்து கடமைபுரியும் நகரப் பொலிஸார் கமெரா அணிவதைக்கூட அவர்கள் விரும்பவில்லை. அதனால் அற்லாண்டா நகரம் 2019இல் கூட்டுக் குழுக்களிலிருந்து தன் ஆட்களை விலக்கிக்கொண்டது. 2021 யூன் மாதத்திலே நீதித் திணைக்களம், முன்கூட்டித் திட்டமிட்ட கைதுகளிலும் சோதனைகளிலும் தன் உத்தியோகத்தர்கள் கமெரா அணியவேண்டும் என்று பணித்தது. ஜோர்ஜ் புளொயிட் இறந்து இரண்டாண்டு நிறைந்த 2022 மே 25ஆம் திகதி, ஜனாதிபதி பைடன் தமது ஆணையொன்றின் மூலம் மத்திய பொலிஸார் அனைவர்க்கும் அத்தகைய விதிகளை விரிவாக்கினார். 2025ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி, ஜனாதிபதி ட்ரம்ப் பதவியேற்ற அன்றே, அவ்வாணை நீக்கப்பட்ட ஆணைகளின் வரிசையிற் சேர்ந்தது.

அது மாநிலச் சட்டங்களைத் தொடவில்லை. அந்நாட்டிலே பொலிஸ் என்பது ஒரே படையன்று. நகரத்துக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என ஏறத்தாழ 18,000 படைகள் உள்ளன. கொலராடோவிலே தடுக்கப்பட்டவர் இருபத்தொரு நாளிற் கேட்டுப் பெறக்கூடிய படத்தை, வட கரோலினாவிலே தடுக்கப்பட்டவர் நீதிபதியின் கட்டளைக்காகக் காத்திருந்தே பெறவேண்டும். இருவரையும் தடுத்தவர்களின் மார்பிலே பூட்டியிருப்பது ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த கமெராவாகவும் இருக்கலாம்.